மலைக்குக் கூட்டிப்போன மூன்று ஓட்டு

என்னைப் போலப் பஞ்சாயத்து வார்டில் ஜெயித்து, நாளைக்குச் சாயங்காலம் என்னோடு வேன் ஏறப்போகிற மெம்பர்களே, இதைப் படித்து முடித்ததும் குரூப்பிலிருந்து அழித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர்கள் போனை நோண்டுகிறவர்களா என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் நோண்டுவார். வேனில் ஏறியதும் எல்லார் போனையும் வாங்கி ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள் என்று கேள்வி. அதனால் இன்றைக்கே உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் தட்டுகிறேன். நீளமாக இருக்கிறது என்று திட்டிக்கொண்டே படித்தாலும் சரி, படித்துவிட்டு ஏறுங்கள்.

துணைத் தலைவர் தேர்தலுக்கு நிற்கிற என் கொழுந்தனார் நேற்று காலையில் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்துவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"மலையில ரெண்டு மூணு நாளு ஜாலியா இருந்துட்டு வரலாம் அண்ணி. எலெக்‌ஷன் அன்னிக்கு நேரா ஆபீஸ் வாசல்ல கொண்டாந்து எறக்கி வுட்டுடறோம். பேத்தியையும் தூக்கினு வாங்க. கொழந்த ஃபால்ஸ் பாக்கட்டும்."

பதினேழில் கல்யாணமாகி நாற்பதிலேயே பாட்டி ஆனவள் நான். இந்த மனுஷர் இதுவரை என் பேத்திக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கித் தந்தவர் இல்லை. அவள் பேரைக் கேட்டால் இரண்டு நிமிஷம் யோசிப்பார். கேட்டதுமே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஏனென்றால் முப்பது வருஷத்துக்கு முன்னால் என்னையும் ஒருவர் இப்படித்தான் அருவி காட்டுகிறேன் என்று கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனார். அருவியை நான் பார்க்கவே இல்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடம் ஒதுக்கி முதல் தேர்தல் வந்த சமயம். எங்கள் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது என்று தெரிந்ததும் எங்கள் பெரியப்பா தலையில் இடி விழுந்த மாதிரி அரை நாள் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து வந்து அப்பாவைக் கூப்பிட்டு, "ஒன் பொண்டாட்டிய நிறுத்து. அவ பேருல நாம பாத்துக்கலாம்" என்றார். பெரியப்பா பக்கத்து வார்டில் தானே நின்றார். அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டாவது வரைக்கும் படித்த அவளிடம் மனுத் தாக்கலின்போது, "கைநாட்டு வெச்சா போதும்மா, கையெழுத்துலாம் இன்னாத்துக்கு" என்று மை டப்பாவை நீட்டினார்கள். அவளும் பேசாமல் விரலை நனைத்தாள்.

பூட்டு சாவி சின்னம். நோட்டீஸில் பெரியப்பா கும்பிட்டுக்கொண்டு நின்றார். அப்பா பேர் பெரிய எழுத்து, அதற்குக் கீழே 'அவர்களின் மனைவி' என்று சின்ன எழுத்து. அம்மாவின் படம் எங்கும் இல்லை. நான் அந்த நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமாவது இருப்பாளோ என்று. அம்மா ஜெயித்தாள். பெரியப்பாவும் ஜெயித்தார். மாலை ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள், அதைப் பெரியப்பாவே போட்டுக்கொண்டார்.

பெரியப்பாவால் தலைவர் ஆகமுடியவில்லை, அது வேறு ஆள். ஆனால் செக்கில் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் இருந்தால்தான் ஊரில் ஒரு குழாய் போடமுடியும், ஒரு கல் நடமுடியும். அதனால் பெரியப்பாவுக்குத் துணைத் தலைவர் பதவி மேல் கண். அவருக்கு எதிராக நின்றது டெய்லரம்மா. கணவர் செத்தபின் தையல் மெஷினை வைத்துப் பிழைத்தவர். பொது வார்டில் நின்று ஓர் ஆம்பளையைத் தோற்கடித்து வந்தவர் என்பதால் ஊரில் பல பேருக்கு அவரைப் பார்த்தாலே தொண்டையில் முள்.

ஓட்டுப் போடுகிறவர்கள் ஒன்பது பேர். பெரியப்பாவோடு சேர்த்து மூன்று ஆண்கள் இந்தப் பக்கம். டெய்லரம்மாவும் அவரை ஆதரித்த இரண்டு ஆண்களும் அந்தப் பக்கம். நடுவில் மூன்று பெண்கள். ஒருத்தி என் அம்மா. இன்னொருவர் காலனியிலிருந்து வந்த நடவுக்காரம்மா. எங்கள் வயலுக்கும் பெரியப்பா வயலுக்கும் நடவு ஆள் கூட்டி வருகிறவர். மூன்றாவது இட்லிக்கடை அத்தை. சொந்த அத்தை இல்லை, ஊரே அப்படிக் கூப்பிடும். புருஷன் விட்டுவிட்டுப் போனவர். வாய் ஜாஸ்தி.

பெண்ணுக்குப் பெண் சாய்ந்துவிடுவாள் என்று பெரியப்பாவுக்குச் சந்தேகம். மூன்று பேரையும் அந்தப் பக்கத்து ஆட்கள் கண்ணில் படாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு வேனைப் பிடித்தார்.

"பாப்பாவயும் கூட்டினு வா. அருவி காட்றேன்" என்றார் அம்மாவிடம்.

நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டேன். அம்மா சிவப்பும் பச்சையும் கலந்த ஒயர் கூடையில் துணி, சீப்பு, தேங்காயெண்ணெய் பாட்டில் எல்லாம் அடுக்கினாள். அந்தக் கூடை அவளே பின்னியது. மலையிலேயே தொலைந்துபோனது. இன்றைக்கும் யாராவது ஒயர் கூடை வைத்திருந்தால் அம்மா உற்றுப் பார்ப்பாள்.

கரியாலூரைத் தாண்டி, மரவள்ளிக் கொல்லை நடுவில் ஒரு புல் வேய்ந்த வீடு. பெரியப்பாவுக்குத் தெரிந்த மலைக்காரர் ஒருவருடையது. அவர் குடும்பத்தோடு பக்கத்தில் எங்கோ போய்விட்டார். ஐப்பசி மழை. பகலிலேயே மேகம் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். துணி காயாது. எங்கே திரும்பினாலும் ஈரப் புல்லும் அடுப்புப் புகையும் கலந்த வாடை. அம்மாவும் இட்லிக்கடை அத்தையும் நானும் உள்ளே. நடவுக்காரம்மாவை மட்டும் பெரியப்பா, மரவள்ளிக்கிழங்கு கொட்டி வைக்கிற கொட்டகையில் படுக்கச் சொன்னார். அம்மா உள்ளே எங்களுக்குப் பாய் விரித்தாள். அவரும் கோணியை உதறி விரித்துக்கொண்டார்.

பெண்கள் விறகுக்கு, தண்ணீருக்கு என்று வெளியே போனால் யாராவது வந்து பேசிவிடுவார்கள் என்று சமையலையும் டிரைவரிடமே விட்டிருந்தார் பெரியப்பா. அந்தாள் வைத்த சாம்பாரை வாயில் வைக்கமுடியாது. ஆனால் அம்மா உட்கார்ந்த இடத்தில் தட்டு வந்தது. சுடச்சுட வந்தது. முதல் நாள் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வேறு யாருக்கோ வந்ததைத் தன்னிடம் வைத்துவிட்டார்களோ என்கிற மாதிரி.

"சாப்பிடு தாயி," என்றார் இட்லிக்கடை அத்தை. "ஆம்பள ஆக்கிப் போட்டு நாம துன்றது இனிமே அடுத்த எலெக்‌ஷனுக்குத்தான்."

அன்றைக்கே பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் தேன் மிட்டாய்.

"அவுங்க மூணு பேரும் இன்னா பேசிக்கிறாங்கன்னு காது குடுத்துக் கேட்டுக்கினு வந்து என்னாண்ட சொல்லணும். சொன்னாத்தான் அருவி."

பெண்கள் ஒதுங்கப் போனால் பெரியப்பாவோ டிரைவரோ பின்னால் வரமுடியாது. ஓடைப் பக்கம் மூன்று பேரும் சேர்ந்துதான் போவார்கள். போனால் உடனே திரும்பமாட்டார்கள். அங்கேதான் பேச்சு. நானும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே போவேன்.

முதல் தடவை போனபோதே இட்லிக்கடை அத்தை என் கன்னத்தைக் கிள்ளினார். "வாடி சிஐடி. மிட்டாய் வாட வருது? நல்லா கேட்டுக்கோ. ஒண்ணு வுடாம போயி ஒங்க பெரிப்பனாண்ட சொல்லு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் கேட்டேன், சொன்னேன். மிட்டாய் ருசி அப்படி.

"தண்ணி பத்திதான் பேசிக்கிறாங்க பெரிப்பா."

"தண்ணி பத்தி இன்னா?"

"கொடம் தூக்கி இடுப்பு வுட்டுப்போச்சாம் இட்லிக்கட அத்தைக்கு. நடவுக்காரம்மாவுக்கு வயித்துல இருந்த புள்ள போயிடுச்சாம். மோட்டார் கொட்டாயில தண்ணி புடிச்சிக்கினு வரப்புல வரச்சொல்ல வழுக்கி வுழுந்துட்டாங்களாம்."

"அப்புறம்?"

"அம்மா அழுதாங்க."

பெரியப்பா சிரித்துவிட்டார். டிரைவரைப் பார்த்து, "கேட்டியாடா? இதுங்களுக்குப் போயி காவல் வெச்சிக்கினு கீறோம். நாலு பொம்பளைங்க சேந்தா கொடம், இடுப்பு, புள்ள. வேற இன்னா தெரியும்?" என்றார். எனக்கு இரண்டு மிட்டாய் கிடைத்தது.

அந்த மோட்டார் கொட்டகை பெரியப்பாவுடையது. காலனிக்கு வேறு தண்ணீர் கிடையாது. கரண்ட் வரும்போது அவர் மோட்டாரைப் போட்டால் உண்டு, அவருக்குக் கோபம் வந்தால் இல்லை. பஞ்சாயத்துக் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போகும் என்பதுதான் அந்தத் தேர்தலே. டெய்லரம்மா காலனிக்குத்தான் முதலில் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். ஓடைக்கரையில் மூன்று பேரும் பேசியது முழுக்கத் தேர்தல். நான் ஒரு வார்த்தை விடாமல் கொண்டுபோய்ச் சொல்லியும் அந்த மனுஷருக்கு அது தேர்தலாகக் காதில் விழவில்லை. இதை இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

இரண்டாம் நாள் கொட்டகை ஒழுகியது. நடவுக்காரம்மா நனைந்த கோணியோடு வாசலில் வந்து நின்றார், உள்ளே வராமல். பெரியப்பா வேனுக்குள் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா கதவண்டை போய், "இன்னாத்துக்கு அங்க நின்னுக்கினு? உள்ள வாங்க" என்றாள்.

'வா' என்றுதான் அதுவரை சொல்லி எனக்குத் தெரியும். நடவுக்காரம்மாவுக்கும் அது காதில் தட்டியிருக்க வேண்டும். அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் காலைத் துடைத்துக்கொண்டு வந்தார். அம்மா தன் பாயில் பாதியை விட்டாள். இனி எங்கள் வீட்டில் இதற்கு என்ன நடக்குமோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். இதைப் பெரியப்பாவிடம் நான் சொல்லவில்லை.

அன்று ஓடைக்குப் போனபோது யாரும் பேசவில்லை. இட்லிக்கடை அத்தைதான் கடைசியில், "அப்ப?" என்றார். நடவுக்காரம்மா புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அம்மா காலை ஓடையில் அலசிக்கொண்டே, "ஓட்டு அவங்கவங்களது. யாரும் யாரையும் கேக்க வாணாம்" என்றாள். அவ்வளவுதான். பெரியப்பாவிடம், "இன்னிக்கி யாரும் ஒண்ணும் பேசல" என்று சொன்னேன். அதற்குத்தான் அவர் சந்தேகப்பட்டார். பேசினபோது வராத சந்தேகம் பேசாதபோது வந்துவிட்டது.

மறுநாள் காலை இறங்க வேண்டும். அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெரியப்பா ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தார். நம் பக்கத்தில் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை; எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால், மீறினவன் குடும்பம் விளங்காது.

முதலில் நடவுக்காரம்மா அடித்தார். "ஒங்களுக்குத்தான் போடுவேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். மறுபடி ஏற்றினார்கள். இட்லிக்கடை அத்தை அடித்துவிட்டு உள்ளங்கையை ஊதிக்கொண்டே, "தெனம் அடுப்புல கைய வுடறவளுக்குக் கற்பூரம் இன்னா சுடப்போவுது" என்றார். பெரியப்பா முறைத்தார்.

அம்மா தட்டைப் பார்த்துக் கையை நீட்டினாள். பெரியப்பா தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீ வூட்டு மருமவ. கைய சுட்டுக்க வாணாம். பாப்பா தலையில அடிச்சி சொல்லு, அது போதும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என்னை எதற்குக் கூட்டிவந்தார்கள் என்று. பத்து வயசுப் பிள்ளைக்கு இது புரியாது என்று நினைக்காதீர்கள். தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலை போய்விடும் என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். அம்மா என் பின்னால் வந்து நின்றாள். முன்னால் பெரியப்பா, கற்பூரத் தட்டு, சுவரில் அவர் நிழல். நான் தலையைக் குனிந்துகொண்டு கை விழும் என்று காத்திருந்தேன்.

கை விழவில்லை.

என் முடி எப்போதும் பறட்டை. அந்த ஈரத்தில் எண்ணெய்க்கும் அடங்காமல் எழும்பி நின்றது. முடிக்கு மேலே ஏதோ வந்தது தெரிந்தது, வளையல் சத்தம் கேட்டது, உள்ளங்கைச் சூடு கூடத் தெரிந்த மாதிரி இருந்தது. ஆனால் கனம் இறங்கவில்லை. "ஒங்களுக்குத்தான் போடுவேன் மாமா" என்று அம்மா தெளிவாகச் சொன்னாள். பெரியப்பாவுக்குத் திருப்தி. அந்த மங்கல் வெளிச்சத்தில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்?

நான் திரும்பி அம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அன்றிலிருந்து அம்மாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இவள் என்னமோ செய்யப் போகிறாள்.

மறுநாள் வேன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசற்படியில் உரசி நின்றது. மூன்று பேரும் இறங்கி நேரே உள்ளே போனார்கள். அப்பா வாசலில் நின்றிருந்தார். என்னைத் தூக்கி வேனைவிட்டு இறக்கியவர், "இன்னா இப்பிடி கொதிக்குது ஒடம்பு?" என்றார். உள்ளே சீட்டு எண்ணினார்கள். பெரியப்பா ஆறு ஓட்டு எதிர்பார்த்தார். நான்கு வந்தது. டெய்லரம்மாவுக்கு ஐந்து.

பெரியப்பா கட்சி ஆட்கள் வேப்பமரத்தடியில் நின்று விரல் விட்டு எண்ணினார்கள். ஆறில் இரண்டு குறைகிறது. ஆண்கள் மூன்று பேரும் மூஞ்சியை மூஞ்சி பார்த்துக்கொண்டு 'நான் போட்டேன், நீ போட்டே' என்று முடித்துவிட்டார்கள். அவர்களிடம் யாரும் கற்பூரம் நீட்டவில்லை. ஆக, மூன்று பெண்களில் இரண்டு பேர் சத்தியத்தைத் தின்றவர்கள், ஒருத்தி மட்டும் யோக்கியம். அந்த இரண்டு பேர் யார்?

ஒருத்தி யார் என்பதற்கு என் உடம்பே சாட்சி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஜுரம் ஏறியது. கண்ணைத் திறந்தால் விட்டம் சுற்றியது. பெரியப்பா எங்கள் வாசலில் நின்று கத்தியது மட்டும் நன்றாகக் கேட்டது.

"புள்ள தலையில அடிச்சிட்டு மாத்திப் போட்டிருக்கா. புள்ளய பாரு, சாமி காட்டிக் குடுத்துடுச்சி. இவள ரிஷிவந்தியத்துல அவங்கப்பன் வூட்டுல கொண்டுபோயி வுட்டுட்டு வா. இல்லன்னா நீயும் எனக்குத் தம்பி இல்ல, ஒனக்கு என் கெணத்துத் தண்ணியும் இல்ல."

அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப மெதுவாக, "அம்மா சத்தியம் பண்ணப்ப ஒன் தலையில கைய வெச்சாங்களா?" என்று கேட்டார். பட்டது என்றால் ஜுரத்துக்கு அம்மா காரணம். படவில்லை என்றால் அம்மா முன்னாலேயே திட்டம் போட்ட கள்ளி. எந்தப் பதிலைச் சொன்னாலும் அம்மாவை ரிஷிவந்தியம் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி கிடந்தேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அவர் போனதும் அம்மா வந்தாள். வாசலில் அவ்வளவு கத்தலுக்கும் அசையாமல் நின்றவள், என் பக்கத்தில் வந்து என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"என் கை பட்டுதாடி கண்ணு? பொய் சொல்லாத. கொஞ்சமாச்சும் பட்டுதா?"

"படலம்மா. முடி மேலதான்."

"முடி மேலயா?"

"முடிக்கும் மேல. காத்துல."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்து, "அப்ப இது வெறும் காச்சல்தான்" என்று எழுந்துபோய்க் கஞ்சி வைத்தாள். அவளுக்குச் சத்தியத்தில் நம்பிக்கை இல்லை என்று யாரும் நினைக்காதீர்கள். ரொம்ப நம்பினாள். நம்பினதால்தான் கையை இறக்கவில்லை.

அம்மா துணியை ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் நடவுக்காரம்மா குரல். எங்கள் வாசலுக்குள் வந்து நின்று அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

"அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. மாத்திப் போட்டது நானு."

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே இட்லிக்கடை அத்தை. கையெல்லாம் மாவு.

"நானுந்தான் மாத்திப் போட்டேன். ஒங்களுக்கு ரெண்டுதான கொறையிது? இதோ ரெண்டு பேரும் நிக்கிறோம், எண்ணிக்கோங்க."

அதோடு முடிந்திருக்கும். கணக்கு சரியாகிவிட்டது. பெரியப்பா கூட உள்ளே திரும்பி, "அப்ப நீ எனக்குத்தான் போட்டியாம்மா?" என்று குரலை இறக்கிக் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். யோக்கியமான மருமகள். ரிஷிவந்தியம் இல்லை, ஒன்றும் இல்லை.

அம்மா மஞ்சள் பையோடு வெளியே வந்தாள். "இல்ல மாமா. நானும் மாத்திதான் போட்டேன்."

பெரியப்பா விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார். மூன்று பேரும் மாற்றிப் போட்டிருந்தால் டெய்லரம்மாவுக்கு ஆறு வந்திருக்க வேண்டும். வந்தது ஐந்து. அப்படியென்றால் ஒருத்தி பொய் சொல்கிறாள். தனக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, போடவில்லை என்கிறாள். இப்படி ஒரு பொய்யை அவர் ஆயுசில் கேட்டிருக்கமாட்டார்.

"யாருடி எனக்குப் போட்டது?" என்று கத்தினார்.

"இவள ரிஷிவந்தியத்துக்கு அனுப்பறீங்க, சரி," என்றார் இட்லிக்கடை அத்தை. "என்ன எங்க கொண்டு வுடுவீங்க? எனக்குப் புருஷனும் இல்ல, அம்மா வூடும் இல்ல. அதயும் பாத்து சொல்லுங்க."

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்பா அதுவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர், உள்ளே வந்து என்னைப் போர்வையோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "வழிய வுடுங்க. புள்ளய கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவணும்" என்றார். அம்மாவைப் பார்த்து, "நீயும் வா" என்றார். மஞ்சள் பை ஆஸ்பத்திரிக்கு வந்தது.

மழையில் நனைந்த ஜுரம் என்று ஊசி போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் வேன் டிரைவர் கிடந்தார். மறுநாள் பெரியப்பாவையும் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள், அதே ஜுரம். அவர் தலையில் யார் சத்தியம் செய்தார்களோ தெரியவில்லை.

பெரியப்பா கிணற்றுத் தண்ணீரை நிறுத்தினார். அப்பா ஒரு போகம் வயலைக் காயப்போட்டார். "எல்லாம் ஒன்னாலதான். கூலிக்கு வர்ற பொம்பளய இன்னா வாங்க, போங்கன்னு?" என்று அம்மாவிடம் எரிந்து விழுவார். அம்மா நடவுக்காரம்மாவைக் கடைசி வரைக்கும் 'வாங்க' என்றுதான் சொன்னாள். காலனிக்குக் குழாய் வந்தது. சில நாள் தண்ணீரும் வந்தது. எல்லாமே பொன்னாக மாறிவிட்டது என்று நான் கதை அளக்கமாட்டேன்.

ஆனால் எனக்குள் சந்தேகம் போகவில்லை. கணக்கு இடித்தது. அந்த மூன்று பேரில் யார் பொய் சொன்னது? யார் பெரியப்பாவுக்குப் போட்டுவிட்டு, போடவில்லை என்று மற்ற இருவரோடு சேர்ந்து நின்றது? அம்மாவே கடைசி நிமிஷத்தில் பயந்து, என் தலையை நினைத்து, அவருக்கே குத்தியிருப்பாளோ? அப்படி இருந்தால் வாசலில் ஏன் அப்படிச் சொன்னாள்? இட்லிக்கடை அத்தை போய்விட்டார். நடவுக்காரம்மாவும் போய்விட்டார். அப்பாவும் இல்லை. இத்தனை வருஷம் அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நேற்று கொழுந்தனார் காபி டம்ளரை வைத்துவிட்டுப் போனதும் நேரே அம்மாவிடம் போனேன். அதே வீட்டில்தான் இருக்கிறாள். முட்டிக்கு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலை, வேன், பேத்தியைத் தூக்கிவரச் சொன்னது, எல்லாம் சொன்னேன். கடைசியில் கேட்டேன்.

"அன்னிக்கு யாரும்மா பொய் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அப்ப ஆறு வந்திருக்கணுமே?"

"டெய்லரம்மா பக்கம் ரெண்டு ஆம்பளைங்க இருந்தாங்க இல்ல? அதுல ஒருத்தரு தாண்டிப்போயி ஒங்க பெரிப்பாவுக்குப் போட்டுட்டாரு. பொம்பள கையெழுத்துக்குப் போயி நான் நிக்கறதான்னு. வயசான காலத்துல டீக்கடையில அவரே சொல்லிச் சிரிச்சாராம். அவரு அங்க போனா, நாங்க மூணு பேரும் இங்க வந்தாத்தான் அஞ்சு. எண்ணிப் பாரு."

எண்ணினேன். சரியாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஓட்டைத் தாண்டிப் போட்டதில் ஓர் ஆம்பளையும் இருந்திருக்கிறார். அவரை யாரும் மலைக்குத் தூக்கிப்போகவில்லை, கற்பூரம் காட்டவில்லை, அவர் பிள்ளை தலையில் அடிக்கச் சொல்லவில்லை, மஞ்சள் பையும் கட்டச் சொல்லவில்லை.

"பேத்திய இங்க வுட்டுட்டுப் போ," என்றாள் அம்மா. "தட்ட எடுத்துக்கினு வந்தா, மொதல்ல ஆம்பளைங்க அடிக்கட்டும், அப்புறம் நாங்க அடிக்கறோம்னு சொல்லு. எல்லாரும் சேந்து சொல்லுங்க. ஒருத்தி சொன்னா எடுபடாது."

அதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். இனி உங்கள் பாடு.

கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டுவிட்டேன். என் புத்தி அப்படி. "நெஜமாவே நீ டெய்லரம்மாவுக்குத்தான் போட்டியா?"

அம்மா என்னைக் கீழே உட்காரச் சொன்னாள். எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்தாள். "ஒன் தலமேல சத்தியமா அந்தம்மாவுக்குத்தான் போட்டேன்" என்றாள்.

இந்தத் தடவை கை விழுந்தது. முழுக் கையும், அழுத்தி. முடியெல்லாம் விளக்கெண்ணெய் ஆகிவிட்டது. அவள் எடுக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.